தேங்காய்த் தண்ணீரில் வளர்ந்த தோல்

மலேசியாவின் சிகாமட் ஊரில் மீரா சாகிபு நடத்தும் சாப்பாட்டுக் கடையில் தினமும் முப்பது தேங்காய் உடைப்பார்கள். தேங்காய்த் தண்ணீர் அப்படியே சாக்கடைக்குப் போகும். ஒருநாள் அவருடைய மகள் சமீரா குறுக்கே வாளியை வைத்தாள்.

“இதுல கிருமி வளர்க்கப் போறேன், அத்தா.”

“அலமாக்! சாப்பாட்டுக் கடையிலயா?” என்று அலறினார் மீரா சாகிபு.

“நல்ல கிருமி அத்தா. இனிப்பத் தின்னுட்டு தோல் மாதிரி ஒண்ணு நெய்யும். காய வச்சா தாள் மாதிரி ஆயிடும். நாத்துப் பை தைக்கலாம். பிளாஸ்டிக்கே வேணாம்!”

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. செல்வராணி டீச்சர் ஒரு போத்தலில் கிருமி கலந்த நீர் கொடுத்திருந்தார். சமீரா தேங்காய்த் தண்ணீரைச் சர்க்கரையோடு காய்ச்சி ஆறவைத்தாள். கொஞ்சம் வினிகரும் கிருமி நீரும் கலந்து, தட்டில் ஊற்றித் துணியால் மூடினாள்.

நான்காம் நாள் தட்டெல்லாம் பச்சைப் பூஞ்சணம்.

“புளிப்பு பத்தலம்மா” என்றார் டீச்சர்.

மறுமுறை வினிகரைக் கூட்டினாள். வெள்ளையாக ஓர் ஏடு படர்ந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால், அது சுருண்டு அடியில் கிடந்தது.

“யாரு தொட்டது?”

மீரா சாகிபு கையிலிருந்த கரண்டியைப் பின்னால் மறைத்தார். “பாலாடை மாதிரி இருந்துச்சா... சும்மா தொட்டுப் பாத்தேன்மா.”

சமீராவுக்கு அழுகை முட்டியது. இன்னும் பதினைந்து நாள்தான். ஆனால் அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது. முதலில் அலறியவருக்கு இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை!

கடையிலிருந்த பெரிய கண்ணாடி பிஸ்கட் ஜாடியைக் கழுவி, அதில் மூன்றாம் முறை ஊற்றினாள். மீதிக் கிருமி நீர் முழுவதும் அதோடு தீர்ந்தது.

“அசைச்சா ஏடு மூழ்கிடும். இனிமே துணியத் தூக்க வேணாம் அத்தா. வெளியவே நின்னு பாருங்க.”

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீரோடு மீரா சாகிபின் சேதியும் கிடைத்தது. “இன்னிக்கு ஏடு விரல் தடிமன் ஆயிடுச்சு லா!”

பதினோராம் நாள் சமீரா தோலை எடுத்து, வேகவைத்து, அலசி, பலகையில் விரித்து உலர்த்தினாள். காய்ந்ததும் பையாகத் தைத்து, மிளகாய் நாற்று வைத்தாள்.

கண்காட்சியில் நடுவர் பையை இழுத்துப் பார்த்தார். “கெட்டியா இருக்கே! எத்தனை வருஷம் வரும்?”

“வராது சார். பையோட நட்டா மண்ணுல மக்கிடும். அதுக்குத்தான் செஞ்சேன்.”

இரண்டாம் பரிசு கிடைத்தது. சமீராவுக்கு அது போதவில்லை. சொன்னது நடக்குமா என்று பார்க்க வேண்டுமே! நாற்றைப் பையோடு கடைக்குப் பின்னால் நட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, செடியின் ஓரமாக மண்ணை மெல்லக் கிளறினாள். விரலில் வேர்தான் பட்டது.

“அத்தா, ஓடி வாங்க! பையைக் காணோம்!” என்று துள்ளிக் குதித்தாள் சமீரா.