பதினேழாம் கேமராவின் கடைசிப் படம்

"சென்ட் போட்டிருக்கீங்களா?"

காட்டு வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த வனக்காவலன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். அவள் பையைக் கொடுக்க மறந்து அவனையே பார்த்தாள். அவன்தான்! அந்தப் புருவத் தழும்பு... எப்படிச் சீவினாலும் அடங்காத அந்த முடி...

"அக்கா அடிச்சு விட்டுட்டா..."

"சரியாப் போச்சு! அஞ்சு மைல் தள்ளி இருக்கற பன்றிக்குக்கூட நீங்க வந்தது தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு ஒரு மிருகமும் கிட்ட வராது."

"அதான் நீங்க வந்து நிக்கறீங்களே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் பக்கத்தில் நின்ற அத்தான் குபீரென்று சிரித்தார். அவனுக்குக் காதுமடல் சிவந்தது.

அவளுக்கு அவனை இரண்டு வருஷமாகத் தெரியும். அவனுக்குத்தான் அவளைத் தெரியாது!

நகரத்து அலுவலகம் ஒன்றில் காட்டு விலங்குப் படங்களைப் பிரிப்பது அவள் வேலை. இந்த மழைக்காட்டு மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்கள், குறுக்கே எது போனாலும் தாமாகவே படம் எடுக்கும். மாதம் ஒருமுறை காவலர்கள் நடந்து போய், படங்கள் பதிவாகியிருக்கும் கார்டை மாற்றுவார்கள். கழற்றுவதற்கு முன் தேதியும் எண்ணும் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு கேமராவின் முன் நிற்க வேண்டும். பதினேழாம் கேமராவின் கடைசிப் படத்தில் எப்போதும் அவன்தான். ஒரு மாதம் சொட்டச் சொட்ட நனைந்து... ஒரு மாதம் கொட்டாவி விட்டபடி... ஒரு மாதம், யாருமே இல்லாத காட்டில் யாருக்கோ சிரித்தபடி.

தேதியைக் குறித்துக்கொண்டு மனிதர் படத்தை அழித்துவிட வேண்டும். அதுதான் விதி. இருபத்து நாலு தடவை அவனை அழித்திருக்கிறாள். அழிப்பதற்கு முன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் மாதாமாதம் நீண்டுகொண்டே போனது.

"எங்க கல்யாண நாளுக்குக் காட்டுக்குப் போறோம், நீயும் வாடி" என்று அக்கா இழுத்தபோது, நூறு காவலர் இருக்கிற இடத்தில் அவனா கண்ணில் படப்போகிறான் என்றுதான் நினைத்தாள். பட்டுவிட்டான். அதுமட்டுமா? வழிகாட்டிக்குக் காய்ச்சல் என்று அவர்களை அழைத்துப்போகவும் அவனே வந்து நின்றான்!

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அக்காவும் அத்தானும் கைகோத்துக்கொண்டு முன்னால் இருந்த குடிலுக்கு ஓடிவிட்டார்கள். பின்தங்கிய அவளை அவன் ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கிடையே ஒதுங்கச் சொன்னான். சுவர்போல் எழுந்த வேர்கள். இலைகளில் மழை இரைந்தது. இமையில் நீர் சொட்ட நிமிர்ந்தவள், மரத்தில் கட்டியிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். பதினேழு!

"அது கேமராங்க," என்றான் அவன். "அதுல வர்ற படத்தையெல்லாம் பார்க்க டவுன்ல ஒரு அம்மா இருக்காங்க. நாங்க ஹெட்மிஸ்ட்ரஸ்னு சொல்லுவோம். இவ்வளவு தூரம் மழையில நடந்து வந்து கார்டு எடுத்தா, 'பலகை சாய்ந்திருக்கிறது'ன்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பும். நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கிடையாது!"

அந்த ஒரு வரியை எழுத அவள் அரை நாள் உட்கார்ந்திருப்பாளே... அது இவனுக்கு எங்கே தெரியும்?

"அதைக் கட்டிக்கிட்டவன் பாவம்!"

"இன்னும் கல்யாணம் ஆகலை," என்றாள் வெடுக்கென்று.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"...சும்மா சொன்னேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் என்று இப்போது சொன்னால் மன்னிப்புக் கேட்பான். மன்னிப்பு யாருக்கு வேண்டும்? மழை விட்ட பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. அவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். "நான் எதாவது தப்பா பேசிட்டேனா?" என்றும் கேட்டான். அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வேன் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. ஜன்னலை இறக்கினாள்.

"பலகை சாய்ஞ்சிருந்தா தேதி தெரியாது. அதுக்குத்தான் எழுதறேன். மத்தபடி... நீங்க நல்லா இருக்கணும்னுதான் எப்பவும் நினைச்சுக்குவேன்."

அவன் வேனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். வேன் திரும்பிவிட்டது.

அப்புறம் முப்பத்து மூன்று நாள். சோறு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை. வேலையில் கண்டிப்பான பெண்ணை யாருக்குப் பிடிக்கும்? அவன் வேறு கேமராவுக்கு மாற்றல் கேட்டிருப்பானோ... என்று தனக்குத் தானே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

கார்டு வந்தது. நாலாயிரம் படங்கள். காற்றில் ஆடிய இலைகள், மான், பன்றி, மறுபடியும் இலைகள்... திடீரென்று, நாலு வருஷமாக ஒருவர் கண்ணிலும் படாத நீள்வால் மரப்பூனை! மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அலுவலகமே அவள் மேசையைச் சுற்றிக் கைதட்டியது. அவளுக்கோ எப்போது இவர்கள் போவார்கள் என்றிருந்தது.

எல்லோரும் போன பிறகு கடைசிப் படத்துக்கு வந்தாள்.

அவனேதான். முடியை ஈரம் வைத்துப் படியச் சீவியிருந்தான். பலகை ஒரேயடியாகச் சாய்ந்திருந்தது. தேதிக்குக் கீழே எழுதியிருந்ததைப் படிக்க அவளும் கழுத்தைச் சாய்த்தாள்.

'வேணும்னே சாய்ச்சிருக்கேன். திட்டியாவது எழுதுங்க.'

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, குறிப்புத் தாளை இழுத்தாள். இந்த முறை அரை நாள் ஆகவில்லை.

'பலகை சாய்ந்திருக்கிறது. ஆனால் இதற்கு முன் நாலு தடவை அது நேராகத்தான் இருந்தது. நான்தான் பொய் எழுதினேன். உங்களுக்கு எழுத எனக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை. உங்களைப் பார்க்காமல் இனி என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்... சென்ட் போடாமல்.'