கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்

முந்தின நாள் வரைந்தது இன்னும் காயவில்லை. ஸ்ரீமதி விரலால் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் நெடிக்கு அடியில் பாசி வாடை அடித்தது.

மஞ்சூர் சமுதாயக் கூடத்தின் சுவர்களில் ஊரின் கதையை வரையும் வேலை டிராயிங் டீச்சரான அவளுக்குக் கிடைத்திருந்தது. முதல் தேயிலைச் செடி, மலையேறி வந்த முதல் பஸ், எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் கடைசிச் சுவர்: பச்சைத் தேயிலை விலை சரிந்து ஃபேக்டரியைப் பூட்டிய காலை, கேட்டுக்கு வெளியே திகைத்து நின்ற தொழிலாளர்கள். அன்று அவள் கணவன் வசந்த்குமாரும் அங்கே நின்றான். பிறகு அணைப்பக்கம் கூலிக்குப் போனவன் தண்ணீரில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. முகம் பார்க்காமலே காரியம் செய்தார்கள். அவனை மட்டும் வரைய அவளுக்குக் கை வரவில்லை.

மதியமே மூடுபனி இறங்கி, ஜன்னல்கள் வெளுத்து, தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கூடத்துக்குள்ளேயே எங்கோ கேட்பதுபோல் இருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அங்கம்மா சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், அத்தன பேருக்கும் உங்கூட்டுக்காரரு மொகத்தையே வெச்சுட்டீங்களே?"

"இல்லீங்கக்கா. ஆளுக்கொரு போட்டோவப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

"நல்லாப் பாருங்க."

பார்த்தாள். அதே கோணல் வகிடு. மோவாயில் அதே தழும்பு. ஒவ்வொரு முகத்திலும்.

டர்பன்டைனில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தாள். முகங்கள் கரைந்து வழிந்தன. வெறும் சுண்ணாம்பு தெரிந்தது. அதற்குள்ளிருந்து மெல்ல மறுபடி மேலெழுந்தன. இப்போது உப்பியிருந்தன. நீலம் பாரித்து, உதடுகளை மீன் அரித்து.

"வேண்டாங்க டீச்சர், ஊட்டுக்குப் போயரலாம் வாங்க!" அங்கம்மா கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்ரீமதி அசையவில்லை. அங்கம்மா ஓடிவிட்டாள்.

இந்த முகத்தைத்தான் அவளுக்கு யாரும் காட்டவில்லை. இதைப் பார்த்துத்தான் அவள் அழுதிருக்க வேண்டும். சுவரிலிருந்த ஒரு முகத்தின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் சதைபோல் அமுங்கியது.

"ரொம்பக் குளிருச்சுங்களா, மாமா?"

வரிசை அசைந்தது. எல்லோரும் சற்றே விலகி நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் இடைவெளி.

அங்கே ஒரு கோடு தானாக இறங்கியது. கழுத்து. தோள். அவள் உடுத்தியிருந்த அதே முந்தானை. உப்பிய பெண் முகம் ஒன்று.

கண்கள் மட்டும்தான் பாக்கி.

இடது கண் திறந்தது.