போன தடம்

வண்டி இன்னும் கட்டை மேலதான் நின்னுச்சு. ரெண்டு டயரும் தரையில படாம, நாலு விரக்கடை உசரத்துல தொங்குச்சு. ஆனா நேத்து ராத்திரி டயருக்கு அடியில வச்ச ரெண்டு எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கிடந்துச்சு.

கோபிநாத் பல் விளக்கிக்கிட்டே குனிஞ்சு பார்த்தான். எலி கடிச்சிருந்தா ஓரத்துல பிச்சிருக்கும், பூனை உருட்டியிருந்தா வேற பக்கம் போயிருக்கும். இது அப்படி இல்ல. விதை பிதுங்கி, சாறு மண்ணுல ஊறி, அப்பளமாப் படுத்துக் கிடந்த தோலு மேல டயர்ல துருத்திக்கிட்டு இருக்கிற ரப்பர் பட்டனோட அச்சு அப்படியே விழுந்திருந்துச்சு. அங்கேருந்து ஒரு தடம் கிளம்பி, ராத்திரித் தூறல்ல நனைஞ்ச வாசலைத் தாண்டி, பூட்டுப் போட்ட கேட்டுக்கு அடியில பூந்து, செம்மண் பாதையில ஏறி, தைலமரக்காட்டுப் பக்கம் போயிருந்துச்சு. போன தடம் மட்டும்தான். வந்த தடம் இல்ல.

என்னடா கருமம் இதுன்னு எரிச்சல்தான் மொதல்ல வந்துச்சு. ஒரு மாசமா இந்த வண்டியோட மல்லுக்கட்டி அவனுக்கு எதுக்கெடுத்தாலும் எரிச்சல்தான். கம்பெனியே செய்யறத விட்டுட்ட பழைய மாடலு பைக்கு. மண்ணுக்கும் தாருக்கும் பொதுவாச் செஞ்ச உசரமான வண்டி. மச்சான் நாகராசு வீட்டுக் கொட்டகையில ஆறு வருசமா கோழி அடைஞ்சு கிடந்தத இழுத்துட்டு வந்து, கார்புரேட்டரைக் கழுவி, செயினு, பிரேக்கு, பேட்டரின்னு ஒவ்வொன்னா மாத்தி உசுரு குடுத்திருந்தான். எல்லாம் மக ஹரிணிக்காக.

மழையில பாதை ஒடைஞ்சதும் பள்ளிக்கூட வேனு வீடு வரைக்கும் வர்றத நிறுத்திருச்சு. காலையில பால் வண்டிக்காரரு ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. சாயங்காலம்தான் சிக்கல். காட்டுக்கு அங்கிட்டு, திருமயம் ரோட்டு முக்குல புள்ளைய எறக்கி விட்டுட்டு வேனு பறந்துரும். போன வாரம் கோபிநாத்தோட ஓட்டை ஸ்கூட்டர் சேத்துல மாட்டிக்கிச்சு. முக்கா மணி நேரம் கழிச்சுப் போய்ச் சேர்ந்தா, ஒம்போது வயசுப் புள்ள தொப்பலா நனைஞ்சு நிக்குது, பக்கத்துல ஒரு குடிகாரன் பேர் கேட்டுக்கிட்டு நிக்கிறான்.

"இனிமே ஒனக்கு முன்னாடியே அப்பா வந்து நிப்பேன்," ன்னு அன்னைக்கு ராத்திரியே சொல்லிக் குடுத்தான். "உசரமான வண்டி, கறுப்பு ஹெல்மெட்டு. அதுல மட்டும்தான் ஏறணும். வேற யாரு கூப்பிட்டாலும் ஏறக் கூடாது. சரியா?"

"சரிப்பா. உசரமான வண்டி, கறுப்பு ஹெல்மெட்டு," ன்னு ஹரிணி மனப்பாடம் மாதிரி ஒப்பிச்சா.

டயருக்குத்தான் பெரிய அலைச்சல். முன்சக்கரம் பத்தொம்போது இஞ்சு, பக்கத்துல எந்தக் கடையிலயும் இல்ல. ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, கண்டக்டர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு, டவுன் பஸ்ல புதுக்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போனான். டயர் கடை ஆரோக்கியதாஸ் மூணு தினுசு எடுத்துப் போட்டாரு.

"முழு பட்டன் சேத்துல பிச்சுக்கிட்டுப் போகும் தம்பி. ஆனா தார்ல பிரேக் புடிச்சா வழுக்கும். ரோட்டு டயரு சேத்துல நிக்கவே நிக்காது. புள்ளைய ஏத்தணும்ங்கறீங்க, பாதிக்குப் பாதி போட்டுக்கங்க."

பட்டன் பட்டையா, இடைவெளி கம்மியா இருந்த அந்த டயரையே எடுத்தான். பின் டயர்ல ஒரே ஒரு பட்டன் நீட்டிக்கிட்டு மட்கார்டுல ஒரசும்போல இருந்துச்சு. ஆரோக்கியதாஸ் பிளேடால அதோட மூலையைச் சீவி விட்டுட்டு, "இதான் ஒங்க வண்டிக்கு மச்சம்," ன்னு சிரிச்சாரு.

திரும்பவும் பஸ்ஸு, திரும்பவும் திட்டு. சக்கரத்தை மாட்டி முடிக்கறப்ப இருட்டிருச்சு. காலையில மறந்துருவோம்னு எலுமிச்சம்பழத்தையும் அப்பவே அடியில வச்சான். சம்சாரம் சரண்யா பார்த்துட்டு மொகத்தைச் சுளிச்சா.

"கெளம்பறப்ப வச்சு ஒடனே ஏத்தணும்ங்க. ராத்திரி பூரா வச்சிருக்கக் கூடாது. மொத ஓட்டத்துக்கு வைக்கிற காவலு அது. யாரு மொதல்ல ஏத்துறாங்களோ அவங்களுக்குப் போயிரும்."

"யாருடி வந்து ஏத்தப் போறா? போய்ப் படு."

இப்ப அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி விளக்குமாத்தை எடுத்து நசுங்கின பழத்தையும் வாசல்ல இருந்த தடத்தையும் கூட்டித் தள்ளுனான். கூட்டுறப்ப வேணாம் வேணாம்னு நெனச்சுக்கிட்டே ஒரு எடத்துல பார்த்துட்டான். பத்துப் பன்னெண்டு பட்டன் அச்சுக்கு நடுவுல ஒன்னுக்கு மட்டும் மூலை இல்ல. கையைக் கொண்டு போய் சைலன்சரைத் தொட்டான். வெதுவெதுன்னு இருந்துச்சு.

அவகிட்ட சொல்லல. சொன்னா வண்டிய எடுக்க விடமாட்டா, புள்ள நடுரோட்டுல நிப்பா.

நாலேகாலுக்கு வண்டியக் கட்டையிலேருந்து எறக்குறப்ப சரண்யா கேட்டா, "பழம் எங்கங்க?"

"எலி தூக்கிட்டுப் போயிருச்சு."

"பக்கத்துல அழகியக்கா வீட்டு மரத்துல ரெண்டு பறிச்சுட்டு ஓடியாரேன், இருங்க."

"மணியப் பாரு. எல்லாம் வந்து பாத்துக்கலாம்."

காட்டுக்குள்ள நொழைஞ்சதும் தைல வாசனை மூக்குல ஏறுச்சு, ஈரச் சருகும் மருந்தும் கலந்த அந்த வாடை. ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்ல, ஒரே இடைவெளியில, வரிசை வரிசையா வெளுத்த மரங்க, எந்தச் சந்துல பார்த்தாலும் கடைசி வரைக்கும் அதே சந்து, அதுக்கு மேல மழை மூடின வானம் சாயங்காலத்தையே சாம்பலாக் காமிச்சுச்சு. வண்டி அருமையாப் போச்சு. ஒரு மாசத்து எரிச்சலெல்லாம் கரைஞ்சு, வாய்க்குள்ள பாட்டுக் கூட வந்துச்சு. அப்பத்தான் முன்னாடி பார்த்தான். பாதை நடுவுல ஒரு தடம், அவன் போற அதே பக்கம் போய்க்கிட்டு இருந்துச்சு. ஆறரை அடிக்கு ஒரு தடவ, மூலை சீவின பட்டன்.

பாட்டு நின்னுருச்சு.

பதினேழுன்னு வெள்ளைப் பெயிண்ட்ல எழுதின எல்லைக்கல்லைத் தாண்டுனான். அங்கேருந்து முக்குக்கு அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து ஆச்சு. தார்ரோட்டு லாரிச் சத்தம் கேக்கவே இல்ல. மறுபடியும் ஒரு கல்லு, பதினேழு.

வழி தவறிட்டேனா? சுத்தி வந்துட்டேனா? பிரேக் போட்டு நின்னு பாதையைப் பார்த்தான். ஒரே ஒரு தடம். அப்பாடான்னு இருந்துச்சு. ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்திருந்தா இவன் தடமும் சேர்ந்து ரெண்டு இருக்கணுமே. ஒன்னுதான் இருக்கு. அப்ப இது வேற கல்லு. ரெண்டு கல்லுக்கு ஒரே நம்பர் எழுதியிருப்பானுக, வேலை தெரியாத பயலுக. இருந்தாலும் மனசு கேக்கல. கழுத்துல கெடந்த பச்சைத் துண்டை உருவி அந்தக் கல்லு மேல போட்டான்.

நாலு அம்பது. வேனு வந்திருக்கும். புள்ள எறங்கியிருக்கும்.

முறுக்குனான். புது ரப்பர் வழுக்கட்டும், போனாப் போகுது. குழியில தண்ணி நின்னுச்சு, அதுலயும் விட்டான். மரம், சந்து, மரம், சந்து. வந்துட்டேன் சாமி, இந்தா வந்துட்டேன், அங்கனயே நில்லு, யாரு கூடவும் போயிராத.

முன்னாடி பச்சையா ஏதோ தெரிஞ்சுச்சு.

கல்லு. அது மேல துண்டு.

பாதையில ஒரே ஒரு தடம்.

போனை எடுத்தான். ஒரு கோடுதான் சிக்னல். அஞ்சு இருபது. சரண்யா நம்பரை அழுத்துனான். எடுத்துட்டா.

"சரண்யா, நான் காட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். நீ ஒடனே அழகியக்கா வீட்டு ஆட்டோவ எடுத்துக்கிட்டு முக்குக்குப் போ. புள்ள தனியா..."

"என்னங்க வெளையாட்டு இது?" அவ குரல்ல சிரிப்பு. "வாசல்ல நின்னுக்கிட்டு போன் பண்றீங்க! ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிட்டுப் பேசாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

அவன் போனைக் காதோட அழுத்திக்கிட்டான்.

"ஹரிணி..."

"ஹரிணி எறங்கி உள்ள வந்துட்டா. ஒங்க மேல கோவமா இருக்கா. வழி பூரா அப்பா ஒரு வார்த்த பேசலயாம். ஏங்க, வண்டிய நிறுத்திட்டு அப்படியே நிக்கிறீங்க? ஹெல்மெட்டக் கழட்டுங்க மொதல்ல."

"அது நான் இல்லடி! கதவைச் சாத்து! சரண்யா, கதவைச் சாத்து!"

"என்ன? விட்டு விட்டுக் கேக்குது. மழை வேற வந்துருச்சு, நனையாதீங்க, உள்ள வாங்க." கொலுசுச் சத்தம் நகந்துச்சு. தூரத்துல ஹரிணி, "உசரமான வண்டி, கறுப்பு ஹெல்மெட்டு," ன்னு ராகம் போட்டுப் பாடிக்கிட்டு இருந்தா. "இருங்க, துண்டு எடுத்துட்டு வாரேன்."

தாப்பாள் தெறக்கிற சத்தம் கேட்டுச்சு. போன் செத்துருச்சு.

கத்துனான். பேரைச் சொல்லி, சாமியைச் சொல்லிக் கத்துனான். காட்டுல எதிரொலி கூட வரல. வீட்டுப் பக்கம் வண்டியத் திருப்பணும், ஒடனே திருப்பணும். ஹேண்டிலை ஒடிச்சான். குனிஞ்சவன் கண்ணுல முன் டயரு பட்டுச்சு.

புது டயரு. கடையில போட்ட மஞ்சக் கோடு அழியாம இருந்துச்சு. ரப்பர்ல சின்னச் சின்ன முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுல ஒன்னு கூடத் தேயல. ஒரு மணி நேரம் சேத்துலயும் தண்ணியிலயும் ஓடின டயரு. தொட்டுப் பார்த்தான். காஞ்சு கிடந்துச்சு. பேண்ட்டைப் பார்த்தான். ஒரு பொட்டு சேறு இல்ல.

எறங்குனான். வண்டியப் புடிச்சுக்கிட்டு அஞ்சடி தள்ளுனான்.

திரும்பிப் பார்க்க வேணாம்னு மனசு கெஞ்சுச்சு.

பார்த்தான்.

ஈரச் செம்மண்ணு. கால் வச்சா பொதபொதன்னு அமுங்குற மண்ணு. அதுல டயர் தடம் இல்ல. அவன் கால் தடமும் இல்ல. வண்டி ஏறி வந்த எடத்துல, தைலமரச் சருகு ஒன்னு கூட நசுங்காம அப்படியே கிடந்துச்சு.