கொப்பரையனுக்கு ஒரே ஊர் பாக்கி

கொப்பரையன் ராஜா பொல்லாதவன். பஸ் கண்டக்டர் கூவுகிற வரிசையிலேயே ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தான். ஸ்ரீமுஷ்ணத்தைப் பிடித்தான். கருவேப்பிலங்குறிச்சியைப் பிடித்தான். நல்லூரையும் விடவில்லை.

ஆனால் ஒவ்வோர் ஊரைப் பிடிக்கும்போதும் அவன் ஒரு சாண் குட்டையாகிவிடுவான். அது அவனுக்கு மட்டும் தெரியாது. சொன்னால் தலை போய்விடும் என்று மந்திரிகள் வாயைத் திறப்பதில்லை. "வாசல ஏன்டா இவ்ளோ பெரிசா கட்டித் தொலைச்சீங்க?" என்று கொத்தனாரைத்தான் திட்டுவான்.

இந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இனியாவின் அம்மா சொன்னது. தினமும் காலையில் இனியாவுக்குத் தலை வாரும்போது சொல்வாள். இரண்டு சடை பின்னி முடிக்கும்வரைதான் கதை. ரிப்பன் கட்டியதும், "மீதி நாளைக்கு" என்று எழுந்துவிடுவாள். தம்பி கார்முகில் வாயில் பிரஷ்ஷோடு கேட்டுக்கொண்டிருப்பான். நுரை சட்டையெல்லாம் வழியும்.

கடைசியாகத் தலை வாரிய அன்று, கொப்பரையன் ஊறுகாய் ஜாடி உயரத்துக்கு வந்திருந்தான். பிடிக்க ஒரே ஊர்தான் பாக்கி.

"எந்த ஊரும்மா?"

"நம்ம விருத்தாசலந்தான்."

அதற்குள் ரிப்பன் கட்டியாகிவிட்டது.

அன்று மதியமே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் கார்முகில் கேட்டான். "அக்கா, கொப்பரையன் நம்ம ஊர புடிச்சானா இல்லியா?"

இனியாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வேறு வந்தது.

"தெரியும். ஆனா சும்மா சொல்ல மாட்டேன். போய்த் தண்ணி புடிச்சிட்டு வா."

அவன் குழாயடிக்கு ஓடினான். மறுநாள் அவளுடைய பள்ளிக்கூடப் பையையும் சேர்த்துச் சுமந்தான். இரண்டாம் வகுப்புப் பையன் முதுகில் ஒரு பை, வயிற்றில் ஒரு பை. அதற்கு அடுத்த நாள் கடலை மிட்டாயைக் கொடுத்தான். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள் இனியா. ஒவ்வொரு நாளும் அதையே சொன்னாள்.

முன்பெல்லாம் அவளை வாடி, போடி என்பான். இப்போது எதற்கெடுத்தாலும் "சரிங்கக்கா" என்றான். முதலில் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குப் பொம்மைக் கம்பெனியில் சூளை வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் களிமண் கொண்டுவந்தார். கார்முகில் அதில் கொப்பரையனைச் செய்தான். பானை வயிறு, முறுக்கு மீசை. சோடா மூடியில் ஜிகினாத் தாள் ஒட்டி மகுடமாக்கி, பொம்மையின் தலையில் வைத்து அளவு பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பொம்மையை அப்பாவிடம் சுடக் கொடுத்தான்.

"வெந்து வந்ததும் அந்த பொம்மய எனக்குக் குடுத்துடணும். அப்பதான் முடிவு சொல்வேன்" என்றாள் இனியா.

கார்முகில் சட்டைப் பையிலிருந்த மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நீங்க சொல்ல வேணாங்கக்கா. நான் அந்தக் கதைய மறந்துடறேன்."

அழாமல் சொன்னான். அன்றிலிருந்து அவன் எதையும் கேட்கவில்லை. தலை வாரும் நேரத்தில் தெருப்பக்கம் போய்விட்டான். இனியா தானே பின்னிக்கொண்ட சடைகளில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருந்தது. இப்படிச் சடை போட்டிருக்கிறாயே என்று கேலி செய்யக்கூட ஆள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொம்மை வெந்து வந்தது. கார்முகில் பையிலிருந்து மகுடத்தை எடுத்து வைத்தான். அது நெற்றியைத் தாண்டி வழுக்கி, மூக்கில் போய் நின்றது.

"சூளைக்குப் போனா மண்ணு சுண்டிடும்டா. பத்து வெரலு போனா ஒம்பது வெரலுதான் வரும். பொம்ம வெந்தப்புறம் இல்ல அளவு பாக்கணும்?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டே தட்டு எடுத்து வைக்கப் போனார்.

கார்முகில் சிரிக்கவில்லை. பொம்மையை இனியாவின் முன்னால் வைத்தான். "இந்தாங்கக்கா" என்றான்.

கண் தெரியாமல் நின்ற கொப்பரையனை இனியா பார்த்தாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தம்பியையும் பார்த்தாள். மந்திரிகள் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது.

"முகிலு, எனக்கு முடிவு தெரியாதுடா. அம்மா எனக்கும் சொல்லல."

"அப்ப ஏன் தெரியும்னு சொன்னீங்க?"

"தெரியாதுன்னா நீ கேக்கறத நிறுத்திடுவன்னு நெனச்சேன். நீ கேக்கறப்ப, அம்மா அடுப்படியில இருக்கற மாதிரி இருக்குது."

கார்முகில் கொஞ்ச நேரம் மகுடத்தைச் சுண்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒட்டி வந்து உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"முடிவு. அவன் நம்ம ஊருக்கு வரான். ஆத்துப் பாலத்துகிட்ட ஒரு பாப்பா நிக்குது. அவனவிட அதுதான் ஒசரம். 'யாரு வூட்டுப் புள்ள நீ, தொலைஞ்சு போயிட்டியா?'ன்னு கேக்குது."

"ராஜான்னு சொல்ல மாட்டானா?"

"சொன்னான். மகுடம் வழுக்கி வாய மூடிக்கிச்சு, பாப்பாவுக்குக் கேக்கல. பாப்பா மகுடத்தக் கழட்டிட்டு, 'சாப்டியா?'ன்னு கேட்டுச்சு. ஒடனே அழுதுட்டான்."

"ஏன்டா?"

"ராஜாவானதுலேருந்து அத யாருமே கேக்கலயில்ல."

அம்மா இப்படி முடித்திருக்க மாட்டாள் என்று இனியாவுக்குத் தோன்றியது. கொப்பரையன் அழுகிறவன் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், பேசாமல் மூடிக்கொண்டாள்.

தட்டோடு நின்றிருந்த அப்பா கேட்டார். "சோறு போட்டாங்களா அவனுக்கு?"

"போட்டாங்க. ஆனா சோத்து வரிசையில கடைசியா நிக்க வெச்சுட்டாங்க."

"என்னா கொழம்பு?"

"அம்மா வெக்கிற கருவாட்டுக் கொழம்பு."

அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார்.

"அப்படின்னா அவன் மூணு தடவ கேட்டு வாங்கியிருப்பான்" என்றாள் இனியா.