பன்னிரண்டாவது பெயர்

அன்னையர் தினத்தன்று காலை ஏழு மணிக்கே வெர்னா உருளைக்கிழங்குத் தட்டை அடுப்பிலிருந்து எடுத்து அலுமினியத் தாளால் மூடிக்கொண்டிருந்தாள். தேவாலயச் சபையின் விருந்துக்கு வருஷம் தவறாமல் அவள் கொண்டுபோவது அதைத்தான். எதிரே மேசையில் மகள் ரொண்டா காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ தீர்மானித்துவிட்டாள் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"இன்னிக்குச் சொல்லத்தான் போறேன்மா," என்றாள் ரொண்டா.

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும்."

தெரியும்தான். அன்னையர் தினத்தில் அந்தச் சபையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தாயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்கள். கடைசியில், அந்த வருஷத்து அன்னை என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து மார்பில் ஆர்க்கிட் பூவைக் குத்துவார்கள். இந்த வருஷம் அந்தப் பூ வெர்னாவின் நாத்தனார் மாக்ஸினுக்கு. இதைக் கேள்விப்பட்ட அன்றே ரொண்டா சிகாகோவில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு மணி நேரம் காரோட்டி இண்டியானாவின் சோளக்காட்டு நடுவே இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அம்மாவை வாழ்த்த மட்டும் வந்தவள் இல்லை.

"மாக்ஸின் பையன் ட்ராய் அங்க இருப்பான்டி," என்றாள் வெர்னா. "மூணாவது வரிசையில, பிள்ளைங்களோட."

"இருக்கட்டும். கேட்கட்டும்."

"அவன் என்ன பாவம் பண்ணான்?"

"நீ என்ன பாவம் பண்ண?"

முப்பத்தாறு வருஷமாக வெர்னாவும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், வாய்விட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். அப்போது மாக்ஸினுக்குப் பிள்ளை இல்லை. தத்து கொடுக்கும் கிறிஸ்தவ இல்லம் ஒன்றில் அவளும் கணவனும் பெயர் கொடுத்திருந்தார்கள். இல்லத்து அம்மாள் வீட்டைப் பார்க்க வரும் நாளில் துப்புரவுக்கு உதவ வெர்னா போயிருந்தாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் பாதி காலியான விஸ்கி பாட்டில் அவள் கையில் அகப்பட்டது. கடையில் சாராயம் விற்கவே அனுமதி இல்லாத ஊர் அது. சபையின் திருவிருந்தில்கூட ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறுதான். கொட்டிவிடலாம் என்று அதை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக் கதவுக்கு வந்தாள். அந்த ஊர்ப்பக்கம் வீடுகளில் முன்வாசலை யாரும் பயன்படுத்துவதில்லை. வருபவர்கள் எல்லாம் சமையற்கட்டு வழியாகத்தான் வருவார்கள். இல்லத்து அம்மாளும் பாஸ்டரும் அந்த நேரம் பார்த்து அந்தக் கதவைத் திறந்தார்கள்.

வெர்னா திரும்பி மாக்ஸினைப் பார்த்தாள். மாக்ஸினின் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளறையில் புதிதாகச் சாயம் பூசிய தொட்டில் காத்திருந்தது.

"என்னோடது," என்றாள் வெர்னா. அந்த ஒரு சொல்லில் ட்ராய் அந்த வீட்டுக்குப் பிள்ளையானான்.

அதோடு முடிந்திருந்தால் வெர்னா மறந்திருப்பாள். ஆனால் குடிக்கும் உறவுக்காரி குழந்தையோடு புழங்குவாளா என்று இல்லத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். மாக்ஸினுக்குப் பயம் வந்துவிட்டது. தான் அண்ணியைக் கண்டித்துவிட்டதாகக் காட்ட வேண்டும். அதற்கு அவள் கையிலிருந்த வழி சபையின் ஜெபச் சங்கிலி. பன்னிரண்டு பெண்கள் கொண்ட பட்டியல் அது, ஒவ்வொரு வீட்டிலும் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். யாருக்காவது ஜெபம் வேண்டுமென்றால் முதல் ஆள் ஜெபக் குறிப்பை எழுதி, இரண்டாவது ஆளுக்குத் தொலைபேசியில் வாசிப்பாள். அவள் எழுதிக்கொண்டு அடுத்தவளுக்கு. பன்னிரண்டாவது ஆள், வார்த்தை மாறவில்லை என்று உறுதிசெய்ய, முதல் ஆளைக் கூப்பிட்டு அதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அதுதான் விதி.

முதல் பெயர் மாக்ஸின். பன்னிரண்டாவது பெயர் வெர்னா.

அன்றைக்குப் பதினொன்றாவது ஆளான ஓப்பல் தொலைபேசியில் நெடுநேரம் தயங்கிவிட்டுத்தான் வாசித்தாள். 'வெர்னா குடிப்பழக்கத்தில் விழுந்திருக்கிறாள். கர்த்தர் அவளை விடுவிக்க ஜெபியுங்கள்.' வெர்னா அதை எழுதிக்கொண்டாள். பிறகு மாக்ஸினைக் கூப்பிட்டு, விதிப்படி, ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினாள். ஜெபிக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். பன்னிரண்டு வயது ரொண்டா குளிர்பெட்டியருகே பால் டம்ளரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். யார் வாயில் அந்த வாடை வரும் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை வெர்னாவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பதிலுக்குச் சபையின் கீழ்த்தளத்தில் பாத்திரம் கழுவும் வேலை கொடுத்தார்கள். கல்யாணம், சாவு, விருந்து எதுவானாலும் பாத்திரம் வெர்னாவுக்கு. கிறிஸ்துமஸுக்கு அவள் சுட்ட பழக்கேக்கை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்கள். கடையில், சாராயம் கலந்து செய்யும் வனிலா சாறு இரண்டு புட்டி எடுத்தால் கல்லாவில் இருந்தவன் ஏறிட்டுப் பார்த்தான். கணவர் மட்டும் நம்பினார். அவரும் போய் ஆறு வருஷமாகிறது.

வெர்னா தினமும் விடியலில் முழங்காலில் நின்று மாக்ஸினை மன்னித்தாள். மதியத்துக்குள் அந்த மன்னிப்பு தீர்ந்துபோகும். மறுநாள் மறுபடி மன்னிப்பாள். கீழ்த்தளத்தில் மாக்ஸினின் கண்ணாடித் தட்டு கைக்கு வரும்போது அதை மட்டும் கம்பி நாரால் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள். அந்தத் தட்டு முழுக்கக் கீறல். இது தேவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

காரில் போகும்போது வெர்னா ஒன்றே ஒன்று கேட்டாள். "பேரைச் சொல்லாதே ரொண்டா. ட்ராய் என் புல்தரையை வெட்டித் தர்ற பையன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவன் அவன். வேற எதையும் நான் கேட்கல."

ரொண்டா வண்டியைச் சபைச் சாலையில் திருப்பினாள். "சரி. பேரைச் சொல்ல மாட்டேன்," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் வெர்னாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சபை நிரம்பியிருந்தது. தாய் உயிரோடிருப்பவர்கள் சிவப்புப் பூ, இழந்தவர்கள் வெள்ளைப் பூ குத்தியிருந்தார்கள். மாக்ஸின் முன்வரிசையில் ஆர்க்கிட்டோடு உட்கார்ந்திருந்தாள். அதை முன்கூட்டியே குத்திவிட்டார்கள். ட்ராய் எழுந்து, தன்னைப் பெறாமல் வளர்த்த தாய் என்று நாலு வார்த்தை சொன்னான். நல்லவன், மனசாரச் சொன்னான். வெர்னா வழக்கம்போலக் கடைசி வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

ரொண்டா எழுந்தாள். தன் இடத்திலிருந்து பேசாமல் நேராக முன்னால் போய் நின்றாள்.

"எங்கம்மாவைப் பத்தி இந்த ஊருக்கு ஒரு விஷயம்தான் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "எனக்கு வேற சில விஷயம் தெரியும். நான் காய்ச்சல்ல கிடந்தா ராத்திரி முழுக்க பைபிள்ல சங்கீதம் வாசிப்பாங்க. எனக்காக வாசிக்கிறாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அவங்க தூங்காம இருக்கறதுக்காக. எனக்கு பன்னெண்டு வயசா இருக்கறப்ப, தன்னைப் பத்தின ஒரு பொய்யை எங்கம்மா ஃபோன்ல எழுதிக்கிட்டாங்க. எழுதி, அதை ஆரம்பிச்சவங்களுக்கே திரும்ப வாசிச்சாங்க. குரல் உடையல. அவ்வளவு பலம் எனக்கு இல்ல. இருந்திருந்தா நானும் நல்ல கிறிஸ்தவளா இருந்திருப்பேன்."

பாஸ்டர் எழப் பார்த்தார். ரொண்டா அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பாட்டில் எங்கம்மாவோடது இல்ல. அவங்க நாக்குல ஒரு சொட்டு பட்டதில்ல. யாரோடதுன்னு எனக்குத் தெரியும். நான் பேர் சொல்லப் போறதில்ல, எங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா இந்தச் சபையில யார் வேணா ஜெபக் குறிப்பு கொடுக்கலாம் இல்லையா? நான் ஒண்ணு கொடுக்கறேன்." அவள் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். "மாக்ஸின் அத்தை, சங்கிலியில முதல் பேர் இன்னும் நீங்கதானே? நோட்டுப் புத்தகம் கைப்பையில இருக்கும். எழுதிக்குங்க."

மாக்ஸின் அசையவில்லை. ட்ராய்தான், ஒன்றும் புரியாமல், மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்து அம்மாவின் கைப்பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தான். வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

ரொண்டா, பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்துவதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். 'வெர்னா ஒருநாளும் குடித்ததில்லை. அவள் யாருடைய பழியைச் சுமந்தாளோ, அவர் வாய் திறக்க ஜெபியுங்கள்.'

"எழுதிட்டீங்களா அத்தை? வார்த்தை மாறாம வாசிக்கணும். மதியம் ஆரம்பிச்சுடுங்க."

ஆர்க்கிட் பூ மாக்ஸினின் மார்பில் ஏறி இறங்கியது. அவள் எழுதியிருந்தாள். முன்வரிசை முழுக்க அதைப் பார்த்தது.

ரொண்டா கடைசி வரிசைக்கு வந்து தாயின் கையைப் பிடித்து எழுப்பினாள். கீழ்த்தளத்தில் விருந்துத் தட்டுகள் அடுக்கியிருந்தன. வெர்னாவின் கால் பழக்கதோஷத்தில் அந்தப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. ரொண்டா விடவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, விருந்து நாளில் வெர்னா முன்கதவு வழியாக வெளியே போனாள். உருளைக்கிழங்குத் தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அழுதாள். "ஏன்டி இப்படிப் பண்ண... அவ தாங்குவாளா?" என்று மகளின் தோளில் அடித்தாள். அடித்துவிட்டு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். "நீ சொல்றப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு ரொண்டா. தேவன் என்னை மன்னிக்கட்டும். ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றாள் மகள். அவளும் அழுதாள்.

பிறகு இருவரும் தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் சராசரியாக ஐந்து நிமிஷம் பேசினால்கூட ஒரு மணி நேரத்தில் சங்கிலி வந்துவிட வேண்டும். ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. மாக்ஸின் நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பாள் என்று ரொண்டா பல்லைக் கடித்தாள். அப்படி மட்டும் செய்திருந்தால் நானே பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பெயரோடு சொல்லிவிட்டு வருவேன் என்று கார்ச் சாவியை எடுத்தாள். வெர்னா சாவியைப் பிடுங்கவில்லை. அதைப் பின்னாளில் நினைத்துப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாள்.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஓப்பல். எண்பத்தெட்டு வயது. பதினொன்றாவது பெயர் இன்னும் அவள்தான். சாவு வந்தால்தான் சங்கிலியிலிருந்து பெயரை எடுப்பார்கள்.

"வெர்னா கண்ணு... அன்னிக்கும் நான்தான் உனக்கு வாசிச்சேன். வாசிச்சிருக்கக் கூடாது. வாயை மூடிட்டு இருந்திருக்கணும்." குரல் உடைந்து போய்விட்டது. "இது வார்த்தை மாறி வந்திருக்கு. எழுதிக்கோ."

வெர்னா எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத் தாளை மகள் பக்கம் நகர்த்தினாள். பிறகு மாக்ஸினின் எண்ணைச் சுழற்றினாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பன்னிரண்டாவது பெயர் பேசறேன்," என்றாள் வெர்னா. "வாசிக்கறேன். 'வெர்னா ஒருநாளும் குடித்ததில்லை. அந்தப் பாட்டில் என்னுடையது. அவள் சுமந்தாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் மேல் கல்லும் எறிந்தேன். முதலில் ட்ராயிடம் சொல்லிவிட்டுத்தான் இதை ஆரம்பிக்கிறேன். எனக்காக ஜெபியுங்கள். மாக்ஸின்.'"

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. விதிப்படி ஒருமுறை வாசித்தால் போதும். வெர்னா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வார்த்தையிலிருந்து, இன்னும் நிதானமாக, இரண்டாம் முறையும் வாசித்தாள். ரொண்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வார்த்தை சரியா இருக்கா?" என்று கேட்டாள் வெர்னா.

"சரியா இருக்கு..." மாக்ஸினின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவன் வந்த நாள்லேர்ந்து நான் தொடவே இல்ல வெர்னா. ஒரு சொட்டு இல்ல. ஆனா உன் முகத்தைப் பார்க்கிறப்பல்லாம்... அதனாலதான் உன்னைக் கீழயே வெச்சிருந்தேன். ட்ராய் என்கூடப் பேசல. ஆனா வீட்டை விட்டுப் போகல, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கான். நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லு. எது சொன்னாலும் பண்றேன்."

வெர்னா ஜன்னல் வழியே பார்த்தாள். ட்ராய் போன வாரம் வெட்டிவிட்டுப் போன புல் ஒரே சீராக இருந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, முப்பத்தாறு வருஷத்துக் கோபமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சபையில கீழ்த்தளத்துல பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கு மாக்ஸின்," என்றாள். "நூறு பேர் சாப்பிட்ட பாத்திரம். போய்க் கழுவு. அந்தப் பூவைக் கழட்டாம போ."

"போறேன்."

வெர்னா தொலைபேசியை வைத்தாள். பிறகு அடுப்புக் கம்பியில் தொங்கிய துவட்டும் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகளிடம் கார்ச் சாவியைக் கேட்டாள்.

"அம்மா, நீ எங்க போற?"

"துடைக்கத் தெரியாது அவளுக்கு," என்றாள் வெர்னா. "ஈரத்தோட அடுக்கி வெச்சிடுவா."