லட்சுமியம்மாள் வீட்டுச் செங்கல்தூள்

மூன்று நாள் மழை விட்ட மறுநாள், பதினோரு மணி வெயிலில், அறிவுமதி அந்த இடிந்த வீட்டின் முன் ஸ்கூட்டரை நிறுத்தினாள். செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும் சந்தில் அதுதான் கடைசி வீடு. கூரை உள்வாங்கி, முன்சுவரும் பின்சுவரும் சரிந்து கிடந்தன. ஈரமண்ணும் பழைய சுண்ணாம்பும் கலந்த நாற்றம் தெருமுனைவரை அடித்தது.

அவளுக்கு வேண்டியதும் அந்த இடிபாடுதான். மேசைமேல் பரப்பி ஆடும் போர் விளையாட்டுகளில் கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்கள் இருப்பார்கள். அவர்கள் காலூன்றி நிற்பதற்குச் சின்னச் சின்ன வட்டத் தளங்கள் செய்வது அவள் தொழில். பெங்களூரிலிருந்து சிவசங்கர் என்பவர் நாற்பது கேட்டிருந்தார். குண்டு விழுந்த நகரத் தெரு மாதிரி இருக்க வேண்டுமாம். பிளந்த தார்ச்சாலை, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, செங்கல் குவியல். நிஜச் செங்கல்தூள் போட்டால் வரும் அழகு வேறெதிலும் வராது.

பக்கத்து வீட்டுத் தைலம்மாளிடம் கேட்டாள். அந்த வீட்டில் தனியாக இருந்த லட்சுமியம்மாள் அவலூர்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போவதாக மழைக்கு முன்பே சொன்னார், வேண்டியதை அள்ளிக்கொள் என்றாள் அவள்.

பின்பக்கக் குவியலில் குனிந்து சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

கல்லில் கல் மோதுகிற மாதிரி, நிதானமாக, இடைவெளி விட்டு. எங்கோ கொத்தனார் வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றினாள். கிளம்பும்போது சத்தம் வேகமானது.

அதையும் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அதற்கு மூன்றாம் நாள் லட்சுமியம்மாளின் உடலை இடிபாட்டுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அவர் மகள் வீட்டுக்குப் போகவே இல்லை.

சேதி கொண்டுவந்த கணவன் வீரமணியிடம் அவள் அந்தத் தட்டலைப் பற்றிச் சொன்னாள். அவன் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாத," என்றான்.

அதற்குள் நாற்பது தளங்களும் முடிந்திருந்தன. தூளை டீ வடிகட்டியில் சலித்து, பசைமேல் தூவி, சாம்பல் வண்ணம் பூசி, ஜன்னலோரப் பலகையில் காயவைத்திருந்தாள். மறுநாள் காலை பெட்டியில் அடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

எல்லாத் தளங்களிலும் செங்கல் குவியல் ஒரே இடத்தில் பிளந்திருந்தது. அடியிலிருந்து ஏதோ முட்டித் தள்ளியதுபோல் துணுக்குகள் வெளிப்பக்கமாக மல்லாந்து கிடந்தன.

பசை சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு ஓட்டையாகச் சுவர்ப் பட்டி வைத்து அடைத்தாள். மத்தியானம் பார்த்தால் திறந்திருந்தது. மறுபடி அடைத்தாள். சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நாற்பதும் திறந்திருந்தன.

இந்த முறை ஓட்டை பெரிது.

பயத்தைவிட அவளை அதிகம் அரித்தது கடைசியில் வேகமான அந்தத் தட்டல். வண்டிச் சத்தம் கேட்டு, யாரோ போகிறார்கள் என்று தெரிந்து, அந்த அம்மா எப்படித் துடித்திருப்பார். காரியம் முடிந்த மறுநாள், லட்சுமியம்மாளின் மகள் ஜெயக்கொடி இடிபாட்டில் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதும், வீரமணியிடம் சொல்லாமல் தளங்களையும் மீதித் தூளையும் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"அக்கா, உங்க அம்மா தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. கொத்தனார்னு நெனச்சுப் போயிட்டேன்."

ஜெயக்கொடி கையிலிருந்த குண்டானை மெல்லக் கீழே வைத்தாள். கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தாள் அறிவுமதி. விழவில்லை.

"எங்க கேட்டுச்சு?"

அறிவுமதி பின்பக்கக் குவியலைக் காட்டினாள்.

"எங்கம்மாவ முன்னாடி வாசப்படிகிட்டதான எடுத்தாங்க. நீ வந்தது இன்னா நாளு?"

மழை விட்ட மறுநாள் என்றாள்.

ஜெயக்கொடியின் முகம் மாறியது. சுவர் விழுந்தது மழையின் முதல் ராத்திரி. விழுந்த நிமிஷமே உயிர் போய்விட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்ப தட்டுனது வேற யாரு?" என்றாள். பிறகு ஜெயக்கொடி ஒரு கடப்பாரையை இரவல் வாங்கி வந்தாள். மாற்றி மாற்றிச் செங்கல்லைப் பெயர்த்துப் போட்டார்கள். நாலு வரிசைக்குக் கீழே பாறை வந்தது. மலையடிவாரத்திலிருந்து ஊருக்கு அடியில் ஓடிவரும் ஒற்றைப் பாறை. ஒரு பூனை நுழையக்கூட இடமில்லை.

அறிவுமதி தூளையும் நாற்பது தளங்களையும் பாறைமேல் கொட்டினாள். செங்கற்களைத் திரும்ப அடுக்கி மூடினார்கள். இனி ஒன்றும் இல்லை என்பதுபோல் ஜெயக்கொடி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள்.

பாறைக்கு அடியில் யாரோ இருமினார்கள்.

தொண்டை நிறைய மண் அடைத்த ஓர் ஆணின் இருமல்.

ஜெயக்கொடி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "திரும்பாத," என்று கிசுகிசுத்தாள். "நட."

அடுத்த இருமல் வெளியே, வெயிலில், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.