சக்கரக் கூட்டில் ஒரு தட்டல்

ஓடுபாதையை விட்டு எழுந்ததும் காலடியில் வர வேண்டிய 'தொம்' அன்று வரவில்லை.

மூத்த பணிப்பெண்ணுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. விமானத்தின் நடுக் கதவை ஒட்டிய மடக்கு இருக்கையில் வார் பூட்டி உட்கார்ந்திருப்பாள். கீழே பெரிய கதவுகள் திறந்து, காற்று ஓலமிட, சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும். கதவுகள் தொம்மென்று மூடிக்கொள்ளும். அதோடு அவளுக்கும் மூச்சு சீராகும். இன்றைக்கு வந்ததோ நீண்ட முனகல், இரும்போடு இரும்பு உரசும் இழுவை, கடைசியில் துணி சிக்கிக்கொண்ட பீரோக் கதவைப் போல மந்தமாக ஒரு மூடல். ஜன்னல்களில் நடுப்பகல் வெயில் பளிச்சென்றிருந்தது. காபி வாசனைக்கு அடியில் சுட்ட ரப்பர் நாற்றம் மெல்ல ஏறியது.

"என்னம்மா, வண்டி இன்னைக்கு இருமுதே?" என்றார் எதிர் இருக்கையில் இருந்த பெயிண்ட் வியாபாரி. ஏறியதிலிருந்தே வாய் ஓயாத மனிதர்.

"ஒண்ணுமில்ல சார், காத்துதான்." தொழில் பழக்கத்தில் சிரிப்பு தானாக வந்தது.

உள்தொலைபேசி கூப்பிட்டது. கேப்டன். "பதறாதீங்கம்மா. சக்கரம் உள்ள போயிடுச்சு. அதோட கதவுதான் சரியாப் பூட்டல. திரும்பி இறங்கப் போறோம். யாரையும் எழுந்திரிக்க விடாதீங்க."

இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. அறிவிப்பைச் சொல்லி முடித்து உட்கார்ந்தாள். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப, ஜன்னல் வெயில் இருக்கைகள் மேல் ஊர்ந்து போனது.

டக். டக்.

காலடியில் ஏதோ குழாய் ஆடுகிறது என்று நினைத்தாள். ஆனால் ஆடுகிற குழாய், தட்டிவிட்டுக் காது கொடுத்துக் காத்திருக்காது. அவளையறியாமல் குதிகாலால் தரையில் மூன்று முறை தட்டினாள்.

கீழிருந்து மூன்று.

வியாபாரியின் முகம் வெளுத்துவிட்டது. "கீழ சாமான் வைக்கிற இடமாம்மா?"

"இல்ல சார். சக்கரம் மடங்கி வர்ற இடம்."

தொலைபேசியை எடுத்தாள். "கேப்டன், சக்கரக் கூட்டுக்குள்ள ஆள் இருக்கு. தட்டுனா பதிலுக்குத் தட்டுறாங்க."

யார், எப்படி ஏறினார்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"இறங்கணும்னா சக்கரத்த இறக்கணும். அப்போ அந்தக் கதவு திறக்கும்மா."

"திறக்காம இறங்க முடியாதா?"

"வயித்தால உரசி இறங்கணும். டேங்க் நிறைய எண்ணெய் இருக்கு. உள்ள இத்தனை பேரு."

"கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருந்தா?"

"கதவு பிய்யற மாதிரி ஆடுதும்மா. பிஞ்சு போய் வால்ல அடிச்சா யாருமே மிஞ்ச மாட்டோம்."

அவள் வாரை அவிழ்த்து மண்டியிட்டாள். கம்பளத்தில் வாய் வைத்துக் கத்தினாள். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க! கதவு திறக்கப் போகுது! பிடிச்சுக்கோங்க!" முன்வரிசைத் தலைகள் திரும்பின. ஒரு குழந்தை அழுதது. இன்ஜின் இரைச்சல் அவள் குரலை முழுசாக விழுங்கியது. தட்டலால் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லலாம். 'பிடித்துக்கொள்' என்று எப்படிச் சொல்வது?

டக். டக். டக்.

வலுவான தட்டல். களைத்துப் போகாத கை.

"எழுந்து உட்காரும்மா," என்றார் வியாபாரி. அழுதுகொண்டிருந்தார்.

உட்கார்ந்தாள். வாரைப் பூட்டினாள். ஜன்னலில் ஊர் மேலெழுந்து வந்தது. கூரைகள். மொட்டைமாடிகளில் காயும் துணிகள். சாலையில் பஸ்.

மீண்டும் தொலைபேசி. கேப்டன்தான்.

"இன்னும் தட்டுறாங்களாம்மா?"

டக். டக்.

அவருக்கு இப்போது தேவை உண்மையல்ல. விமானத்தை இறக்க நடுங்காத கை வேண்டும். இத்தனை பேரும் அந்தக் கையில்தான் இருந்தார்கள்.

"நின்னுடுச்சு கேப்டன்."

வியாபாரி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். தட்டல் கையில் ஏறியது. நாடித் துடிப்பைப் போல. பதிலுக்குத் தட்ட விரல் எழவில்லை.

கீழே மோட்டார் முனகத் தொடங்கியது.

தட்டல் நின்றது.

கதவின் கொக்கி விலகியது.

உடனே தட்டல் மீண்டும் ஆரம்பித்தது. வேகமாக. இரண்டு கைகளாலும். பூட்டிய வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றவர், உள்ளே தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டதும், இதோ திறந்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் தட்டுவதைப் போல.